சல்லிசா வர்ற பேக்கப் ரிசீவர்: கான்ட்ராக்ட்ட எப்படி எடை போடறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாசம் என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) ஃப்ரீ ஏஜென்சி, அதாவது கான்ட்ராக்ட் முடிஞ்சவங்க எந்த டீமுக்கும் போகலாம்ங்கற காலம், தொறந்தா பெரிய பேருங்க எல்லாம் ரெண்டு மூணு நாள்லயே கையெழுத்துப் போட்டு முடிச்சுடுவாங்க, அதுக்கப்புறம் சொட்டு சொட்டா வர்றதுதான் இந்த மாதிரி செய்தி: இன்ன டீம், இன்ன ரிசீவர் (எறியற பந்த ஓடிப் போய் புடிக்கறவர்), ஒரு வருஷம், அவ்ளோதான். உடனே ஒரு கோஷ்டி "இவர எதுக்குப்பா எடுத்தாங்க"ன்னும் இன்னொரு கோஷ்டி "செம லாபம்டா இது"ன்னும் ஆரம்பிச்சுடும். ரெண்டு கோஷ்டியும் பாக்கறது போன வருஷம் எத்தன கேட்ச் புடிச்சார்ங்கறத மட்டும்தான். நான் பாக்கறது வேற ரெண்டு விஷயம்: அவர வெளிய அனுப்பணும்னா டீமுக்கு எவ்ளோ கை கடிக்கும், பந்து அவர் பக்கம் வராத ஸ்னாப்ல (ஒவ்வொரு தடவ பந்து ஆட்டத்துக்கு வர்றதுக்கும் அதான் பேரு) அவர் என்ன வேல செய்வார். திரும்பத் திரும்ப ஒரே கேள்விங்க வர்றதால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். உதாரணத்துக்கு நோவா பிரவுன புடிச்சுக்கிட்டேன், ஏன்னா இந்த வகை கான்ட்ராக்ட்ல என்னென்ன நடக்கலாமோ கிட்டத்தட்ட அத்தனையும் அந்த ஒரு மனுஷனுக்கே நடந்துருக்கு.

கே: யாரு இந்த நோவா பிரவுன்? பேர் கேட்ட மாதிரி இருக்கு, ஆனா ஞாபகம் வரல.

அதான் பேக்கப் ரிசீவர்ங்கறது. ஒஹாயோ ஸ்டேட் காலேஜ் பையன், 2015-ல கால் உடைஞ்சு முழு சீசனும் போச்சு, அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஓக்லஹோமாவுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 4 டச்டவுன் (பந்தோட எதிரணியோட கடைசிக் கோட்டத் தாண்டறது) போட்டார், அதுல ஒண்ணு டிஃபெண்டரோட முதுகுக்குப் பின்னாடி கையக் கொண்டு போயி பந்த அழுத்திப் புடிச்சது, இன்னிக்குப் பாத்தாலும் நம்ப முடியாது. அப்புறம் 2017 டிராஃப்ட்ல (டீமுங்க முறை போட்டு காலேஜ் பசங்கள எடுக்கறது) டாலஸ் 7வது ரவுண்டுல எடுத்துச்சு, 239வது ஆள். டாலஸ்ல ரொம்ப நாள் நாலாவது அஞ்சாவது ரிசீவரா இருந்துட்டு 2022-ல 43 கேட்ச், 555 யார்டு. 2023-ல ஹூஸ்டனுக்கு ஒரு வருஷ கான்ட்ராக்ட். 2024 மார்ச்ல அதே ஹூஸ்டன்ல மறுபடி ஒரு வருஷம், ஆகஸ்ட்ல கட் (டீம்லேந்து நீக்கம்), உடனே வாஷிங்டன். அங்க அக்டோபர் 27-ந் தேதி நடந்தது ஞாபகம் வந்துருக்கும், இல்லாட்டி கீழ வருது.

கே: "குறைஞ்ச காசு"ன்னா சரியா எவ்ளோ?

என்எஃப்எல்-ல குறைந்தபட்ச சம்பளம்னு ஒரு பட்டியலே இருக்கு, வருஷா வருஷம் ஏறும், எத்தன சீசன் ஆடிருக்கீங்களோ அதுக்கேத்த படி. 2024 கணக்குல புதுசா வர்ற ரூக்கிக்கு 7,95,000 டாலர், ஒரு சீசன் முடிச்சவருக்கு 9,15,000, ரெண்டு சீசன்னா 9,85,000, மூணுன்னா 10,55,000, நாலுலேந்து ஆறு வரைக்கும் 11,25,000, ஏழும் அதுக்கு மேலயும் 12,10,000. ஐபிஎல் ஏலத்துல வீரரே ஒரு அடிப்படை விலையத் தேர்ந்தெடுப்பார்ல, இங்க அப்படி இல்ல, அனுபவந்தான் விலைய முடிவு பண்ணுது, "எனக்கு கம்மியா குடுங்க பரவால்ல"ன்னு சொன்னாக்கூட குடுக்க முடியாது.

இந்தத் தொகையும் இதுக்கு மேல கொஞ்சம் போனஸும் சேந்ததுதான் நம்ம பேசுற வகை. நமக்கு இது மலை மாதிரி பணம், ஆனா அதே ஹூஸ்டன்ல 2024 மே மாசம் நிக்கோ காலின்ஸுக்குப் போட்டது மூணு வருஷத்துக்கு 7 கோடியே 27 லட்சத்து 50 ஆயிரம் டாலர். வருஷத்துக்கு 2.4 கோடி. ஒரே அறையில பக்கத்துப் பக்கத்து லாக்கர், ஒருத்தர் வாங்குறது இன்னொருத்தர விட இருபது மடங்கு.

கே: பழைய ஆளுக்கு சம்பளம் அதிகம்னா எல்லா டீமும் சின்னப் பசங்களையே எடுத்துட்டுப் போயிடுவாங்களே?

சரியான கேள்வி, லீக்கும் அதயேதான் யோசிச்சுது. அதனால வெட்ரன் சேலரி பெனிஃபிட்னு ஒரு விதி வச்சிருக்காங்க. நாலு சீசனும் அதுக்கு மேலயும் ஆடுன ஒருத்தர ஒரு வருஷத்துக்கு குறைந்தபட்ச சம்பளத்துல எடுத்தா, அவர் கைக்கு முழுத் தொகையும் போகும், ஆனா டீமோட சேலரி கேப்ல (ஒரு டீம் சம்பளத்துக்கு மொத்தமா செலவு பண்ணக்கூடிய உச்சவரம்பு) ரெண்டு சீசன் ஆடுனவரோட சம்பளம் மட்டும்தான் ஏறும். 2024-ல ஏழு வருஷம் ஆடுனவருக்கு 12,10,000 டாலர் கிடைக்கும், கேப்ல விழுறது 9,85,000. மிச்சம் 2,25,000 லீக்கோட பொதுக் கணக்குலேந்து வந்துடும். இதுல சின்னதா ஒரு போனஸும் சேக்கலாம், அந்த வருஷம் உச்சவரம்பு 1,67,500, ஆனா அந்த போனஸ் முழுசா கேப்ல விழும்.

ஆக எல்லாம் சேத்து கேப் ஹிட், அதாவது கேப்ல விழுறது, 11,52,500 டாலர். 2024-ல ஒரு டீமோட மொத்த சேலரி கேப் 25 கோடியே 54 லட்சம். நூறு ரூபா நோட்டுல 45 பைசா. இந்த 45 பைசாவுக்காக சண்டை போடறவங்களுக்குத்தான் இந்தப் பக்கத்த எழுதிட்டு இருக்கேன்.

கே: அப்போ கேப்ல இடமே இல்லாத டீம் எப்படி இப்படி நாலஞ்சு பேர அள்ளிப் போடுது?

ஆஃப்சீசன்ல ரோஸ்டர்ல (டீமோட ஆள் பட்டியல்ல) 90 பேர் வரைக்கும் வச்சுக்கலாம், ஆனா கேப் கணக்குல வர்றது பெரிய கேப் ஹிட் இருக்கற முதல் 51 பேர் மட்டும்தான் (மிச்ச ஆளுங்களோட போனஸ் பங்கு மட்டும் கூட சேரும்). புதுசா ஒருத்தர் உள்ள வந்தா 51வது இடத்துல இருந்தவர் கணக்குலேந்து கீழ இறங்கிடுவார். அவர் 9,15,000 ஆளா இருந்தா, 9,85,000 ஆள சேக்கறதால நிஜமா ஏறுறது 70,000 டாலர் மட்டும். அதனாலதான் ஏப்ரல், மே மாசத்துல வர்ற இந்தக் கையெழுத்துங்களுக்கு "கேப்ல எங்க இடம்?"னு கேக்கறது வீண் கேள்வி. செப்டம்பர்ல சீசனுக்கான ரோஸ்டர்ல இருக்கற 53 பேரும் முழுசா கணக்குல வரும்போது கேளுங்க, அப்ப அர்த்தம் இருக்கு.

கே: செய்தில "65 லட்சம் டாலர் வரை"ன்னு போடறாங்க, அது என்ன "வரை"?

அந்த "வரை"ங்கற ரெண்டு எழுத்துலதான் ஏஜென்ட் பொழப்பே ஓடுது. செய்திக்கு எண்ணக் குடுக்கறது பெரும்பாலும் ஏஜென்ட் தரப்புதான், அவருக்கு அடுத்த கஸ்டமர் புடிக்கணும், அதனால எல்லா ஊக்கத்தொகையும் கிடைச்சா வர்ற உச்ச எண்ணத்தான் சொல்வார்.

மெக்கோல் ஹார்ட்மேன எடுத்துக்கங்க. 2023-ல நியூயார்க் ஜெட்ஸ் ஒரு வருஷத்துக்கு எடுத்தாங்க, அடிப்படை 40 லட்சம் டாலர், செய்தில 65 லட்சம் வரை. ஜெட்ஸ் சட்டையில அவர் புடிச்ச கேட்ச் எத்தனன்னு நெனைக்கறீங்க? ஒண்ணு. அக்டோபர்ல அவரயும் ஒரு 7வது ரவுண்டு பிக்கையும் (டிராஃப்ட்ல ஆள் எடுக்கற உரிமை) பழைய டீம் கான்சாஸ் சிட்டிக்கே அனுப்பிட்டு ஒரு 6வது ரவுண்டு பிக் வாங்கிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் 2024 பிப்ரவரி 11, லாஸ் வேகஸ், 58வது சூப்பர் பவுல் (லீக்கோட இறுதிப் போட்டி), ஓவர்டைம், 3 யார்டு பாஸ், 25-22, அத புடிச்சவர் இதே ஹார்ட்மேன். அப்ப அந்தக் கான்ட்ராக்ட் நல்லதா கெட்டதா? ஜெட்ஸ் கண்ணுல பாத்தா கெட்டது, அவ்ளோதான். ஒரு டீமுக்கு சுத்தமா பயன்படாத ரிசீவர் இன்னொரு டீமுக்கு பயன்படுவார், அந்த ஆட்டமுறை அவருக்கு ஏற்கனவே மனப்பாடம்ங்கறதாலதான்.

ஊக்கத்தொகை கேப்ல எப்ப விழும்ங்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. போன வருஷமே செஞ்சத இந்த வருஷமும் செய்யச் சொன்னா அது கிடைக்க வாய்ப்புள்ளதுன்னு எடுத்துக்கிட்டு இப்பவே கேப்ல ஏத்துவாங்க, போன வருஷம் செய்யாததுன்னா இப்ப ஏறாது, சம்பாதிச்சா அடுத்த வருஷக் கணக்குல வரும். போன வருஷம் 33 கேட்ச் புடிச்சவருக்கு "40 புடிச்சா போனஸ்"னு எழுதுனா இந்த வருஷ கேப்ல சைபர். மேட்சுக்கு மேட்ச் குடுக்கற ரோஸ்டர் போனஸும் அப்படித்தான், மேட்சுக்கு 20,000 டாலர்னு 17 மேட்சுக்கு எழுதிட்டு, ஆள் போன வருஷம் 10 மேட்ச்தான் ஆடிருந்தா 2 லட்சம் மட்டும் இப்ப விழும். அடிக்கடி காயமாகறவங்க கான்ட்ராக்ட்ல இந்த மேட்ச் போனஸ் நெறைய இருக்கும், பாத்தாலே டீம் டாக்டர் என்ன சொல்லிருப்பார்னு புரிஞ்சுடும்.

கே: கேரன்டி தொகை எவ்ளோ இருந்தா சீரியஸா எடுத்துக்கலாம்?

நான் முதல்ல தேடறதே இந்த எண்ணத்தான், ஆள கட் பண்ணாலும் குடுத்தே ஆக வேண்டிய பணம் இது. கேரன்டியே இல்லாம குறைந்தபட்ச சம்பளம்னா அது வேலைக்கான கான்ட்ராக்ட் இல்ல, கேம்ப்புக்கு வர்ற அழைப்பு. ஆகஸ்ட் வரைக்கும் ஓடிக் காட்டு, நல்லாருந்தா பாக்கலாம். போனஸ் மட்டும் ஒண்ணேமுக்கால் லட்சம் அளவுக்குள்ள இருந்தா கொஞ்சம் ஆசைப்பட்டு எடுத்துருக்காங்க, ஆனா கட் பண்ணும்போது யாரும் தயங்க மாட்டாங்க. கேரன்டி பத்து லட்சத்தத் தாண்டிட்டா அவர் 53-ல இருப்பார்னு ஓரளவு நம்பலாம், ஏன்னா கட் பண்ணாலும் அந்தப் பணம் டெட் மணியா கேப்ல உக்காந்துக்கும், ஒரு கோச்சுக்கு ரெண்டு ஆளுக்கு நடுவுல யார வைக்கறதுன்னு குழப்பம் வந்தா அந்த டெட் மணி ஒரு ஓட்டு போடும்.

கே: போன வருஷ எண்ண எப்படிப் பாக்கறது? 33 கேட்ச், 567 யார்டுன்னா நல்லாத்தான இருக்கு?

அந்த 567 நோவா பிரவுனோட 2023 எண்தான், அத கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம். 10 மேட்ச் ஆடிருக்கார். நவம்பர் 5, டாம்பா பேவுக்கு எதிரா 153 யார்டு, ஹூஸ்டனோட குவாட்டர்பேக் (பந்த எறியறவர்) சி.ஜே. ஸ்ட்ரவுட் ரூக்கியா 470 யார்டு எறிஞ்சு சாதனை பண்ண அதே மேட்ச், 39-37. அடுத்த வாரம் சின்சினாட்டில 172 யார்டு. ரெண்டையும் கூட்டுங்க, 325. மிச்ச எட்டு மேட்சும் சேத்து 242, சராசரியா மேட்சுக்கு முப்பது யார்டு. ரெண்டு ஞாயித்துக்கிழமைல பாதிக்கு மேல வந்துருச்சு. அந்த சின்சினாட்டி மேட்ச் முடிஞ்ச கையோட முட்டியில காயம், வெளிய உக்காந்துட்டார்.

இத வச்சு அவர மட்டம்னு சொல்லல. முதல் ரெண்டு ரிசீவருக்கு அடிபட்டு இவர் முழு மேட்சும் ஆடவேண்டி வந்தா எறிஞ்ச பந்த புடிப்பார்னு அந்த ரெண்டு மேட்ச் காட்டுது, பேக்கப்புக்கு அதுதான முக்கியம். ஆனா 567-ஐ பதினேழு மேட்சுக்கு நீட்டி "இவர் வருஷத்துக்கு 960 யார்டு ஆளு"ன்னு போஸ்ட் போடறாங்க பாருங்க, அதுதான் தாங்க முடியல. பேக்கப்போட எண்ணெல்லாம் இப்படித்தான், கொஞ்சூண்டு ஸ்னாப்ல வந்தது, அத எதால பெருக்குனாலும் தப்பாதான் வரும். எத்தன ரூட் (ரிசீவர் ஓட வேண்டிய பாதை) ஓடுனார், அதுல எத்தன தடவ பந்து வந்துச்சு, அது முதல் டவுன்லயா (பந்த முன்னேத்தற முதல் முயற்சி) மூணாவது டவுன்லயா, குவாட்டர்பேக் யாரு, இத்தனையும் பாத்தாதான் ஏதாவது புரியும்.

கே: ஸ்பெஷல் டீம்ஸ் ஸ்பெஷல் டீம்ஸ்னு எல்லாரும் சொல்றாங்களே, ஒரு ரிசீவருக்கு அது எதுக்கு?

இதுக்குத்தான் வெயிட்டிங். பந்த உதைக்கற ஆட்டத்துல மட்டும் இறங்கற தனி அணிங்கதான் ஸ்பெஷல் டீம்ஸ். மேட்ச் நாள் அன்னிக்கு 48 பேர்தான் டிரெஸ் பண்ண முடியும். அதுல ரிசீவர் வழக்கமா அஞ்சு பேர். முதல் மூணு பேர் பந்து புடிப்பாங்க, நாலாவதும் அஞ்சாவதும் ஆடுகளத்துக்குள்ள வர்றதே கிக்ஆஃப்லயும் (உதைச்சு ஆட்டத்த ஆரம்பிக்கறது) பண்ட்லயும்தான் (பந்த எதிரணிகிட்ட தூரமா உதைச்சு விடறது). கிக்ஆஃப் ஒண்ணு, அதத் திருப்பி ஓடற அணி ஒண்ணு, பண்ட் ஒண்ணு, பண்ட் திருப்பற அணி ஒண்ணு, இந்த நாலுல மூணுல ஆடற ஆளா இருந்தா கோச்சுங்க விட மாட்டாங்க. பண்ட்ல ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொருத்தர் தனியா நிப்பாங்க பாருங்க, கன்னர்னு பேரு, சில சமயம் எதிர்ல ரெண்டு பேர் நின்னு தள்ளுவாங்க, அவங்கள ஏமாத்திட்டு நாப்பது அம்பது யார்டு ஓடி பந்த வாங்கறவர அந்த இடத்துலயே சாய்க்கணும். ரிசீவருங்க வேகமா ஓடுவாங்க, டிஃபெண்டர்கிட்டேந்து நழுவத் தெரியும், அதனால இந்த வேல அவங்க தலையில விழுது. டிவில அந்த நேரத்துல பாதிப் பேர் டீ போட எந்திரிச்சுப் போயிடுவாங்க.

நியூ இங்கிலாந்து மேத்யூ ஸ்லேட்டர தெரியுமா? ரோஸ்டர்ல வைட் ரிசீவர். 2008-லேந்து 2023 வரைக்கும் 16 சீசன், 10 ப்ரோ பவுல் (லீக்கோட நட்சத்திர ஆட்டத்துக்கான தேர்வு), 3 சூப்பர் பவுல் மோதிரம், மொத்த வாழ்க்கையில புடிச்ச கேட்ச் ஒண்ணே ஒண்ணு, 46 யார்டு. கேட்ச் எண்ண வச்சு மார்க் போடறவங்க இவருக்கு என்ன மார்க் போடுவீங்க?

இன்னொருத்தர் டேவிட் டைரி. நியூயார்க் ஜயன்ட்ஸ் 2003-ல 6வது ரவுண்டுல எடுத்தாங்க, 2005-ல ஸ்பெஷல் டீம்ஸுக்காக ப்ரோ பவுல் போனார். 2007 சீசன் முழுசும் அவர் புடிச்சது 4 கேட்ச், 35 யார்டு. அதே சீசனோட சூப்பர் பவுல்ல, 2008 பிப்ரவரி 3, ஈலை மேனிங் எறிஞ்ச பந்த ஒரு கையால ஹெல்மெட்ல அழுத்திக்கிட்டே கீழ விழுந்தார், 32 யார்டு, அதுவரைக்கும் ஒரு மேட்ச் கூட தோக்காத நியூ இங்கிலாந்து 17-14ல தோத்துச்சு. அவரோட என்எஃப்எல் வாழ்க்கையில கடைசி கேட்சும் அதுதான். அவர் அன்னிக்கு அந்த ரோஸ்டர்ல இருந்ததே பண்ட்ல ஓடிப் போய் ஆள சாய்ப்பார்ங்கறதுக்காகத்தான்.

இன்னொண்ணு, 2024-லேந்து கிக்ஆஃப் விதிய மாத்திட்டாங்க, எண்ட் சோனுக்குள்ள (கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி இருக்கற பகுதி) நேரா அடிச்சு, யாரும் திருப்பி ஓடாம டச்பேக் ஆனா பந்து 30 யார்டு கோட்டுல, 2025-லேந்து 35-ல. அவ்ளோ தூரம் சும்மா குடுக்க யாருக்கும் மனசு வராது, அதனால பந்தத் திருப்பி ஓடறது கூடிடுச்சு, ரிட்டர்ன் ஓடத் தெரிஞ்ச சின்ன உருவ ரிசீவருங்க விலையும் கூட ஏறிடுச்சு.

கே: பிளாக்கிங்கும் பாக்கணுமா?

கண்டிப்பா. நோவா பிரவுன் 6 அடி 2 அங்குலம், 225 பவுண்டு வாக்குல, டாலஸ்ல முதல் சில வருஷம் அவர உள்ள இறக்குனதே ஓட்ட ஆட்டத்துக்கு ஆளத் தள்ளி விடத்தான். ஆளுக்கு டார்கெட் (அவரப் பாத்து எறிஞ்ச பந்து) கம்மியா இருக்கே, ஆனா ஸ்னாப் மட்டும் இவ்ளோ இருக்கேன்னு எங்கயாவது பாத்தீங்கன்னா, காரணம் பெரும்பாலும் இதுதான்.

கே: காயப்பட்ட ஆள சல்லிசா எடுக்கறது புத்திசாலித்தனமா, சூதாட்டமா?

காசு கம்மின்னா சூதாட்டம்கூட புத்திசாலித்தனந்தான். டிம் பேட்ரிக்க பாருங்க. டென்வர்ல நல்ல ரிசீவர், 2022 முழுசும் முட்டி தசைநார் கிழிஞ்சு போச்சு, 2023 முழுசும் குதிகால் தசைநார் அறுந்து போச்சு, ரெண்டு வருஷம் ஒரு மேட்ச் கூட கிடையாது. 2024 ஆகஸ்ட்ல டென்வர் கட் பண்ணுச்சு. டெட்ராய்ட் அவர ப்ராக்டிஸ் ஸ்க்வாட்ல (53-க்கு வெளிய பயிற்சிக்கு வச்சுக்கற ஆளுங்க) கொண்டு வந்து, அப்புறம் மெயின் ரோஸ்டருக்கு ஏத்துனாங்க, அந்த சீசன் 33 கேட்ச், 394 யார்டு, 3 டச்டவுன். அதோட விடல, 2025 ஆகஸ்ட்ல ஜாக்சன்வில்லுக்கு அனுப்பி 2026-க்கான 6வது ரவுண்டு பிக் வாங்கிட்டாங்க. ப்ராக்டிஸ் ஸ்க்வாட்ல சும்மா எடுத்த ஆள ஒரு வருஷம் ஆட வச்சு, போகும்போது ஒரு டிராஃப்ட் பிக்கும் கறந்துட்டாங்க. இத விட நல்ல கான்ட்ராக்ட் எனக்குத் தெரிஞ்சு ரொம்ப கம்மி.

டீமுக்கு பயம் இருந்தா ஸ்ப்ளிட் கான்ட்ராக்ட்னு ஒண்ணு போடுவாங்க, காயப்பட்டோர் பட்டியலுக்குப் போயிட்டா சம்பளம் தானா கீழ இறங்கிடும். செய்தில இத எழுத மாட்டாங்க, கான்ட்ராக்ட் விவரம் வந்தப்புறம்தான் தெரியும்.

கே: அதுக்கு ஒரு ரூக்கியவே வச்சுக்கலாமே? சம்பளமும் கம்மி.

கேப்ல வித்தியாசம் 2024 கணக்குப்படி 9,85,000 கழிச்சல் 7,95,000, 1,90,000 டாலர். அந்தக் காசு ஒரு விஷயமே இல்ல. விஷயம் என்னன்னா நவம்பர் மாசம் மூணாவது டவுன்ல திடீர்னு உள்ள போறப்ப ரூக்கிக்கு எல்லா இடத்தோட ரூட்டும் தெரியாது, ஒரு இடத்த மட்டும் படிச்சிருப்பார். பழைய ஆளுக்கு வெளி இடது, வெளி வலது, உள்பக்க ஸ்லாட்னு மூணும் தெரியும், ஒரே ஆள் மூணு பேருக்கு பேக்கப். ஆனா ரூக்கி அடுத்த வருஷம் இன்னும் நல்லா ஆடுவார், டிராஃப்ட்ல எடுத்தவர்னா கான்ட்ராக்ட்டும் நாலு வருஷம் உங்க கையில. டீம் மோசமா இருந்தா நான் ரூக்கிய வைப்பேன், பிளேஆஃப் போற டீம்னா பழைய ஆள.

கே: முதல் வாரம் முடிஞ்ச உடனே நெறைய வெட்ரன்கள எடுக்கறாங்களே, அது ஏன்?

பழைய தந்திரம். நாலு சீசன் முழுசா சேத்த ஒருத்தர் முதல் வார மேட்சப்ப 53-ல இருந்துட்டா, அப்புறம் கட் பண்ணாலும் மிச்ச சீசன் சம்பளத்த கேட்டு வாங்கிக்கலாம், வாழ்க்கையில ஒரு தடவ மட்டும். அதனால சில டீம் "ஒரு வாரம் வீட்ல இருங்க தலைவா, ரெண்டாவது வாரம் கூப்புடறோம்"னு சொல்லிடும். ப்ராக்டிஸ் ஸ்க்வாட்ல 16 பேர் வைக்கலாம், அதுல வெட்ரன்களுக்கும் சில இடம் உண்டு, அங்கேந்து ஒருத்தர மூணு தடவ வரைக்கும் மேட்சுக்கு ஏத்தி இறக்கலாம், நாலாவது தடவ வேணும்னா ரோஸ்டர்ல கையெழுத்து போடணும். சின்னப் பசங்களுக்கு 2024-ல அங்க வாரம் 12,500 டாலர். குறைந்தபட்ச சம்பளம் 12,10,000 வாங்கறவருக்கு 18 வாரமா பிரிச்சா வாரம் 67,000. ப்ராக்டிஸ் ஸ்க்வாட்டுக்கும் 53-க்கும் நடுவுல இருக்கற கோடு எவ்ளோ ஆழம்னு இதுலேந்து பாத்துக்கங்க.

கே: காம்பன்சேட்டரி பிக் (ஆள இழந்த டீமுக்கு லீக் ஈடா குடுக்கற டிராஃப்ட் பிக்) போயிடுமா?

போகாது. குறைந்தபட்ச சம்பளக் கான்ட்ராக்ட் அந்தக் கணக்குலயே வராது, வேற டீம் கட் பண்ண ஆளும் வரமாட்டார். அடுத்த கேள்வி.

கே: ஹூஸ்டன் நோவா பிரவுன கட் பண்ணது தப்புதானே?

இத எத்தன பேர் கேட்டாச்சு. மார்ச்ல அவர் கையெழுத்து போட்டப்ப ஹூஸ்டன்ல நிக்கோ காலின்ஸ், டேங்க் டெல், அதுக்கப்புறம் இவர்னு ஒரு இடம் இருந்துச்சு. ஏப்ரல்ல பஃபலோலேந்து ஸ்டெஃபான் டிக்ஸ கொண்டு வந்துட்டாங்க. மேல மூணு பேர் உறுதியாயிட்டாங்க. கீழ ராபர்ட் வுட்ஸ், 2வது ரவுண்டு பிக் ஜான் மெட்ச்சி, ரிட்டர்ன் ஓட ஒரு ஆள். 27 ஆகஸ்ட், எல்லா டீமும் 53-க்கு குறைக்க வேண்டிய நாள், அதுல இவர் போயிட்டார். நாலு சீசன் தாண்டுனவர்ங்கறதால வெயிவர் வரிசையெல்லாம் (கட் ஆனவர மத்த டீமுங்க முறைப்படி உரிமை கேக்கறது) கிடையாது, நேரா யார்கூட வேணும்னாலும் பேசலாம், வாஷிங்டன் ரிசீவருக்கு தவிச்சிட்டு இருந்துச்சு, போனார்.

இப்ப அக்டோபர் 27-க்கு வாங்க. தீபாவளி வாரம், நம்ம ஊர் நேரத்துக்கு அடுத்த நாள் விடிகாலை அஞ்சு மணி வாக்குல. வாஷிங்டனுக்கு எதிரா ஆடுன சிகாகோ 25 செகண்ட் மிச்சமிருக்கறப்ப டச்டவுனும் ரெண்டு பாயின்டும் எடுத்து 15-12ன்னு முன்னாடி போயிடுச்சு. நான் லேப்டாப் மூடியில கைய வச்சுட்டேன். வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் ஓரமா டெர்ரி மெக்லாரினுக்கு ஒரு 13 யார்டு, கடிகாரத்துல 2 செகண்ட். கடைசி எறி. டேனியல்ஸ் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பன்னெண்டு செகண்டுக்கு மேல ஓடிட்டு தூக்கி எறிஞ்சார். எறிய ஆரம்பிச்ச நேரத்துல சிகாகோவோட டைரிக் ஸ்டீவன்சன் ரசிகர்கள் பக்கம் திரும்பி கையக் காட்டி வம்பிழுத்துட்டு இருந்தார், அப்புறம் ஓடி வந்து கும்பல்ல எகிறி பந்தத் தட்டுனார், பந்து பின்னாடி போச்சு, பின்னாடி எண்ட் சோன்ல யாருமே காவல் இல்லாம நின்னுட்டு இருந்தது நோவா பிரவுன். 52 யார்டு, 18-15. அந்த வருஷம் அவரோட ஒரே டச்டவுன் அதுதான். நான் கத்துன கத்துல பக்கத்து அறையிலேந்து திட்டு விழுந்துச்சு, அது வேற கத.

அன்னிக்கு அதுக்கு சில மணி நேரம் முன்னாடி என்ன நடந்துச்சு தெரியுமா? ஹூஸ்டன்ல இண்டியானாபொலிஸுக்கு எதிரான மேட்ச்ல, யாரும் தொடாமலே டிக்ஸோட முட்டி போச்சு, சீசன் முடிஞ்சுது. எந்த ஆளால நோவா பிரவுனுக்கு இடம் இல்லாம போச்சோ அவர் கீழ விழுந்த அதே நாள். டிசம்பர்ல டேங்க் டெல்லும் போயிட்டார்.

இருந்தாலும் ஹூஸ்டன் தப்பு பண்ணுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட்ல யாருக்கும் காயம் இல்ல, ஆள் ஆறாவது இடத்துக்கு போட்டி போடறார், உடம்பு அடிக்கடி மக்கர் பண்ற ஆள், கேரன்டி கைய கட்டிப் போடல. அந்தத் தேதில இருந்த தகவல வச்சு அது சரியான முடிவு. ஹெயில் மேரி (கடைசி நேரத்துல கடவுளே கதின்னு தூக்கி எறியற பந்து) கேட்ச்ச வச்சு வாஷிங்டன் எடுத்தது ஜீனியஸ்னு சொல்றதும் அதே தப்புதான், ஸ்டீவன்சன் பந்த கீழ தட்டிருந்தா இந்தக் கேள்வியே வந்துருக்காது. வாஷிங்டனுக்கு நிஜ லாபம் மிச்ச மேட்ச்ல இருக்கு: 11 மேட்ச், 35 கேட்ச், 453 யார்டு, அதுவும் ரூக்கி குவாட்டர்பேக்குக்கு. அப்புறம் டிசம்பர் வாக்குல சிறுநீரகத்துல அடி, பிளேஆஃப் எதுலயும் ஆடல. 2025 மார்ச்ல வாஷிங்டன் மறுபடி கூப்புட்டாங்க. எத்தன வருஷத்துக்குன்னு சொல்லணுமா? ஒண்ணு.

கே: ஃபேன்டசில எடுக்கலாமா?

12 பேர் லீக்னா வேணாம். மேல இருக்கறவர் யாருக்காவது புதன்கிழமை ப்ராக்டிஸ்ல தொடை புடிச்சிக்கிச்சுன்னு செய்தி வந்தா, வியாழக்கிழமை காலைல எழுந்து எடுங்க, அதுக்குள்ள வேற எவனும் எடுத்துருக்க மாட்டான்.